ஒரகடத்தில் வேலை, ஓட்டு எந்த ஊரில்?

சட்டமன்றத் தேர்தலில் ஒருவருக்கு ஓட்டு எந்தத் தொகுதியில் என்பதை அவர் வழக்கமாகக் குடியிருக்கும் இடமே தீர்மானிக்கிறது. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 19-ஆம் பிரிவில் இப்படிச் சொல்லிவிட்டு, அடுத்த பிரிவில் இரண்டு விளக்கங்களைத் தருகிறது. ஓர் ஊரில் வீடு இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவர் அந்த ஊரில் குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார். தற்காலிகமாக வெளியூர் போயிருக்கிறார் என்பதற்காக அவருடைய குடியிருப்பு அற்றுப்போய்விடவும் செய்யாது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் வரை நீளும் தொழிற்பேட்டைகளில் வேலை செய்கிறவர்களின் ஓட்டுச் சிக்கல் முழுவதும் இந்த இரண்டு விளக்கங்களுக்கு நடுவில்தான் கிடக்கிறது. திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து ஆறு வருடமாக மாத்தூரில் வாடகைக்கு இருப்பவர் இன்னும் 'வெளியூர் போயிருப்பவர்' தானா என்ற கேள்விக்குச் சட்டத்தில் நாள் கணக்கு எதுவும் இல்லை.

எனவே முடிவு அவரவர் கையில். கல்யாணமாகி, குடும்பத்தை இங்கே கொண்டுவந்து, பிள்ளையைப் பள்ளியிலும் சேர்த்தவர் ஓட்டையும் இங்கே மாற்றிக்கொள்வதுதான் முறை. குடிநீருக்கும் சாலைக்கும் அவர் கேள்வி கேட்க வேண்டிய சட்டமன்ற உறுப்பினர் இந்தத் தொகுதிக்காரர். டிரெய்னியாகவோ காண்ட்ராக்டிலோ சேர்ந்து, கம்பெனி ஹாஸ்டலில் தங்கி, இரண்டு வருடத்தில் கிளம்பிவிடும் எண்ணத்தில் இருப்பவர் சொந்த ஊர்ப் பட்டியலிலேயே இருப்பது நல்லது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் குடியிருப்பில் மட்டும் 18,720 படுக்கைகள் இருக்கின்றன. அங்கே தங்கும் பெண்களில் பலர் பிளஸ் டூ முடித்த கையோடு வந்தவர்கள், முதல் ஓட்டையே இன்னும் போடாதவர்கள். அவர்கள் இந்த முடிவை வேலையில் சேர்ந்த முதல் மாதங்களிலேயே எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் தள்ளிப்போடுகிறவர்களுக்கு அங்கேயும் ஓட்டு போகிறது, இங்கேயும் கிடைப்பதில்லை.

தள்ளிப்போட்டதன் விலை 2025 இறுதியில் தெரிந்தது. அந்த ஆண்டு நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. பேச்சு வழக்கில் எஸ்.ஐ.ஆர். டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அவற்றில் இறந்தவர்கள் சுமார் 27 லட்சம். 66 லட்சத்துக்கும் மேற்பட்டவை குடிமாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் என்ற கணக்கில் நீங்கியவை. கதவைத் தட்டியபோது ஆள் இல்லை, வீட்டிலிருந்த யாரும் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டுத் தரவும் இல்லை என்றால் பெயர் நீங்கியது. வேலைக்காக ஊரைவிட்டு வந்த பிள்ளைகளுக்காக அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வீடுகளில் பெயர் தப்பியது. ஊர்ப் பட்டியலிலேயே இருக்க முடிவு செய்தவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பட்டியல் திருத்தம் நடக்கும் மாதங்களில் ஊரில் யாராவது ஒருவர் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு இடத்திலும் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை டீக்கடைகளில் சகஜமாகச் சொல்லப்படுகிறது. சட்டத்தின் 17, 18-ஆம் பிரிவுகள் இதைத் தடுக்கின்றன. பொய்யான உறுதிமொழி கொடுப்பவருக்கு 31-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். இதற்கு அவசியமும் இல்லை. குடிமாறியவர் படிவம் 8-ஐக் கொடுத்தால் பழைய ஊரில் பெயர் நீங்கி, புதிய ஊரில் சேர்ந்துவிடும். அடையாள அட்டை எண்ணும் அதேதான். 2022 ஆகஸ்டுக்கு முன்பு தொகுதி விட்டுத் தொகுதி மாறினால் படிவம் 6 கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பழைய நினைவில் இன்றும் படிவம் 6-ஐ நிரப்பி, இரட்டைப் பதிவில் மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். படிவம் 6 முதல் முறை பெயர் சேர்ப்பவருக்கும், பட்டியலிலிருந்து பெயரே போய்விட்டவருக்கும் உரியது. எஸ்.ஐ.ஆரில் பெயர் நீங்கியவர்கள் அதனுடன் ஓர் உறுதிமொழிப் படிவத்தையும் இணைக்கும்படி கேட்கப்பட்டார்கள். படிவம் 7 பெயர் நீக்கத்துக்கும் ஆட்சேபத்துக்கும். பொதுவாகத் தொழிலாளிக்கு அது தேவைப்படுவதில்லை.

வயது பற்றிச் சுருக்கமாக: 18 நிறைந்திருக்க வேண்டும். முன்பெல்லாம் ஜனவரி 1 ஒன்றுதான் தகுதி நாள். இப்போது ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகியவையும் சேர்ந்துவிட்டன. 17 வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பித்து வைக்கலாம்.

இணையத்தில் voters.eci.gov.in என்று ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டிய தளமும், தேர்தல் ஆணையத்தின் செல்போன் செயலியும் உண்டு. ஆதாரோடு இணைந்த செல்போன் எண் கையில் இருந்தால் வேலை சுலபம். ஆனால் இந்த வட்டாரத்தில் இணைய விண்ணப்பம் தவறுவது பெரும்பாலும் ஊர்ப் பெயரில்தான். ஒரகடம் ஸ்ரீபெரும்புதூருக்குத் தெற்கேயும் உண்டு, அம்பத்தூரிலும் உண்டு. மாம்பாக்கம் என்றால் இங்கே சிப்காட், வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் இன்னொரு மாம்பாக்கம். வல்லம் செங்கல்பட்டுக்கு அருகிலும் இருக்கிறது. ஒரகடம் பக்கத்துப் பண்ருட்டியைச் சொன்னால் பாதிப் பேருக்குப் பலாப்பழம்தான் நினைவுக்கு வரும். போதாக்குறைக்கு 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஒரகடம் சாலையிலேயே கிழக்கே போய்ச் சேரும் மறைமலை நகர் செங்கல்பட்டு மாவட்டம், செங்கல்பட்டுத் தொகுதி. மேற்கே வாலாஜாபாத் காஞ்சிபுரம் மாவட்டம்தான், ஆனால் தொகுதி உத்திரமேரூர். மாவட்டத்தையும் தொகுதியையும் ஊகத்தில் தேர்ந்தெடுக்காமல், அதே வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் ஏற்கெனவே ஓட்டு வைத்திருக்கும் ஒருவரின் அட்டையைப் பார்த்துத் தொகுதியையும் பாகம் எண்ணையும் குறித்துக்கொள்வது நம்பகமான வழி. அவை இரண்டும் தெரிந்துவிட்டால் வாக்குச்சாவடியும் தெரிந்துவிடும்.

ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரே இரண்டு தொகுதிகளைக் குறிக்கிறது. மக்களவைத் தொகுதி மதுரவாயல், அம்பத்தூர், ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம் வரை பரந்தது. சட்டமன்றத் தொகுதி அதன் ஆறில் ஒன்று, வரிசையில் 29-ஆவது, பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. தனித்தொகுதி என்பது வேட்பாளருக்கு மட்டும். அங்கே குடியிருக்கும் எந்தச் சாதியினரும் ஓட்டுப் போடலாம். இது எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்பது தவறு. வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள் கேட்கும் முதல் சந்தேகங்களில் இதுவும் ஒன்று.

அடுத்த தடை முகவரிச் சான்று. மின்சார, குடிநீர், எரிவாயு ரசீது, ஆதார், நடப்பிலுள்ள வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், பாஸ்போர்ட், பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தம் போன்றவை ஏற்கப்படுகின்றன. இங்கே லைன் வீடுகளில் பத்து அறைகளுக்கு ஒரே கதவெண், ஒரே மின் இணைப்பு, அதுவும் உரிமையாளர் பெயரில். வாடகை ஒப்பந்தம் எழுதுவதே அபூர்வம், எழுதினாலும் பதினோரு மாதத்துக்கு, பதிவு செய்யாமல். ஆகவே தொழிலாளிக்கு எட்டும் தூரத்தில் இருப்பது பாஸ்புக்தான். சம்பளக் கணக்கு இருக்கும் வங்கிக் கிளையில் முகவரியை மாற்றிக்கொண்டு, புகைப்படம் ஒட்டிய பாஸ்புக்கில் அதை அச்சிட்டு வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. எந்தச் சான்றும் இல்லாதவருக்கும் கதவு அடைக்கப்படவில்லை. நேரில் வந்து விசாரித்து, அவர் அங்கே குடியிருக்கிறார் என்று அலுவலர் உறுதி செய்தால் போதும். நடைபாதையில் உறங்குகிறவர்களுக்கே இப்படித்தான் பெயர் சேர்க்கப்படுகிறது.

அந்த விசாரணையில் வீட்டு உரிமையாளரின் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு அதிகம். சிலர் 'இங்கே யாரும் இல்லை' என்று சொல்லி அனுப்பிவிடுவதும் உண்டு. வாடகைக்காரர் பெயர் அரசாங்கக் காகிதத்தில் ஏறினால் வீட்டுக்கு உரிமை கொண்டாடுவார் என்ற பயம் அவர்களுக்கு. வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதால் சொத்துரிமை எதுவும் வருவதில்லை என்பதை, அலுவலர் வருவதற்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுவது புத்திசாலித்தனம். இதே மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டு, குடவோலையில் பெயர் இட இறை செலுத்தும் கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும் என்று விதித்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் இன்றைய ஒரகடத்தில் குடத்துக்குள் போகும் ஓலைகள் மிகச் சிலவாகவே இருக்கும்.

பி.எல்.ஓ. என்று எல்லோரும் அழைக்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார். தன் வேலை முடிந்து அவர் தெருவுக்கு வரும்போது தொழிலாளி இரண்டாம் ஷிப்டில் இருப்பார், இல்லையென்றால் இரவு ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருப்பார். பூட்டிய கதவு விண்ணப்பத்துக்கு எதிரான சாட்சி ஆகிவிடுகிறது. விண்ணப்பித்த கையோடு பி.எல்.ஓ.வின் எண்ணை 1950 என்ற உதவி எண்ணிலோ இணையத்திலோ கேட்டுப் பெற்று, எந்த வாரம் எந்த ஷிப்ட் என்று சொல்லிவிடுவது இந்தத் தொல்லையைத் தீர்க்கும். தேர்தலுக்கு முன் சனி, ஞாயிறுகளில் வாக்குச்சாவடிகளிலேயே நடக்கும் சிறப்பு முகாம்கள் இன்னும் சுலபம், அங்கே அலுவலர் நேரிலேயே கிடைப்பார். ஹாஸ்டல் வார்டனோ ஹெச்.ஆர். அலுவலரோ நூறு படிவங்களை மொத்தமாகக் கட்டிக்கொண்டுபோய்க் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள். படிவம் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் போக வேண்டும்.

காலக்கெடு பற்றிய தவறான எண்ணம் ஒன்று பரவலாக உண்டு. தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்பார்கள். உண்மையில் வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் வரை பட்டியலில் பெயர் சேரலாம், அதற்குப் பிறகு சட்டம் அனுமதிப்பதில்லை. ஆனால் விண்ணப்பத்தின்மீது ஆட்சேபம் கேட்க ஏழு நாள் விட வேண்டும் என்பதால், மனுத்தாக்கல் முடிவதற்குக் குறைந்தது பத்து நாட்கள் முன்பே கொடுத்தால்தான் பயன். கொடுத்த பிறகு துணைப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். 'ஏற்கப்பட்டது' என்ற குறுஞ்செய்தி மட்டும் போதாது.

வாக்குப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுமுறை என்பது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி (135B) பிரிவு தரும் உரிமை. தினக்கூலிக்காரருக்கும் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இது பொருந்தும். ஓட்டு வேறு தொகுதியில் இருந்தாலும் பொருந்தும். ஆள் இல்லாவிட்டால் ஆபத்தோ பெரும் நஷ்டமோ வரும் வேலைகளுக்கு மட்டும் விலக்கு. அணைக்க முடியாத கண்ணாடி உலையை அதற்கு உதாரணம் சொல்லலாம், அசெம்பிளி லைனைச் சொல்ல முடியாது. மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரை. இந்தத் தொகையைப் பார்த்து யாரும் பயப்படப்போவதில்லை. ஆனாலும் தேர்தல் நேரத்தில் தொழிலாளர் துறையிடம் புகார் போனால் அதற்கு எடை உண்டு.

ஊருக்குப் போய் ஓட்டுப் போடுகிறவர்களுக்கு ஒரு நாள் விடுமுறை போதுமா என்பது தேதியைப் பொறுத்தது. 2024 மக்களவைத் தேர்தல் ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை வந்ததால் ஊருக்குப் போய் ஞாயிறு வரை இருந்துவிட்டு வர முடிந்தது. 2021 சட்டமன்றத் தேர்தல் ஏப்ரல் 6, செவ்வாய்க்கிழமை. திங்கள் இரவு ஷிப்ட் இருந்தவர் தென்மாவட்டத்துக்குப் போய்ச் சேருவது நடக்காத காரியம். தேதி அறிவித்த அன்றே முந்தைய நாளின் ஷிப்டை மாற்றக் கேட்டு சூப்பர்வைசரிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், கடைசி வாரத்தில் எல்லோரும் கேட்பார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களுக்கு இந்த வழியும் இல்லை. இருந்த இடத்திலிருந்தே சொந்த ஊர்த் தொகுதிக்கு வாக்களிக்கும் இயந்திரத்தின் மாதிரியைப் பார்க்க வரும்படி தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளை அழைத்தது, எதிர்க்கட்சிகள் ஏற்கவில்லை, பேச்சு அங்கேயே நின்றது.

வாக்குச்சாவடியில் அடையாள அட்டை இல்லாவிட்டாலும் ஆதார், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், புகைப்படம் உள்ள பாஸ்புக், பாஸ்போர்ட் போன்றவற்றில் ஒன்று போதும். பணி அடையாள அட்டை அரசு, பொதுத்துறை, பப்ளிக் லிமிடெட் கம்பெனி தந்ததாக இருந்தால்தான் செல்லும். காண்ட்ராக்டர் கொடுத்த கேட் பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவதால் பயனில்லை. பூத் சிலிப் 2019 முதல் தனி அடையாளச் சான்று ஆகாது, அதில் உள்ள பாகம் எண்ணும் வரிசை எண்ணும் நேரத்தை மிச்சப்படுத்தும், அவ்வளவுதான். செல்போனை உள்ளே கொண்டுபோக முடியாது. முதல் அலுவலர் பெயரை உரக்கப் படிப்பார், அடுத்து இடதுகை ஆட்காட்டி விரலில் மை, பதிவேட்டில் கையெழுத்து, பிறகு இயந்திரம். பொத்தானை அழுத்தியபின் விவிபாட் கண்ணாடியில் சின்னம் ஏழு விநாடி தெரியும், அதைப் பார்த்துவிட்டு வர வேண்டும். முடியும் நேரத்துக்குள் வரிசையில் நின்றுவிட்டவர்களுக்கு டோக்கன் கொடுத்து, எத்தனை மணி ஆனாலும் ஓட்டுப் போட விடுவார்கள். ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவருகிறவர்களுக்கு இது பயன்படும்.

கையில் அட்டை இருந்து பட்டியலில் பெயர் இல்லையென்றால் வாதாடிப் பலனில்லை, ஓட்டு கிடையாது. பெயர் இருந்து, வேறு யாரோ ஏற்கெனவே அந்த ஓட்டைப் போட்டுவிட்டிருந்தால் அப்படியே திரும்பி வர வேண்டியதில்லை. வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் கேட்கும் கேள்விகளுக்குத் திருப்தியாகப் பதில் சொன்னால், தேர்தல் நடத்துதல் விதிகளில் 49பி (49P) விதியின்படி ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு ஒன்றைக் காகிதத்தில் தருவார். அது இயந்திரத்தில் சேராது, தனி உறையில் போகும்.