பாராளுமன்றமும் நமது பஞ்சாயத்தும்

கொள்ளிடத்தின் வடபுறத்தே உழுது பயிரிடும் தா.பழூர் வட்டார விவசாயிகளுக்கு டெல்லிப் பாராளுமன்றம் தொலைவிலுள்ள ஒரு சபையாகவே தோன்றக்கூடும். ஆயினும், நமது ஊர்ப் பஞ்சாயத்தின் ஆயுளுக்கு அரசியல் சட்டத்தில் உறுதி தேடித் தந்தது அச்சபையேயாகும்.

முன்னிருந்த நிலை

அரசியல் நிர்ணய சபையின் முன் வைக்கப்பெற்ற நகலில் கிராமப் பஞ்சாயத்தைப் பற்றிய ஷரத்து இல்லை. சென்னை மாகாணத்தைச் சேர்ந்த திரு. கே. சந்தானம் அவர்கள் 1948 நவம்பர் 22ஆம் தேதி கொணர்ந்த திருத்தத்தின் பயனாகவே இன்றைய 40ஆவது ஷரத்து உருவாயிற்று. எனினும், அது சர்க்காருக்கு வழிகாட்டும் நெறியேயன்றி, நீதிமன்றத்தின் வாயிலாக வலியுறுத்தத்தக்க கட்டளையன்று. தமிழ்நாட்டில் 1970க்குப் பின் 1986இல்தான் பஞ்சாயத்துத் தேர்தல் நடைபெற்றது.

பாராளுமன்றம் செய்தது

இக்குறையை நீக்க 1989இல் கொணரப்பட்ட மசோதா, லோக சபையில் நிறைவேறியும் ராஜ்ய சபையில் தேவையான பெரும்பான்மை பெறவில்லை. ஒரு சபை மட்டும் விரும்பி அரசியல் சட்டத்தை மாற்றிவிட இயலாது என்பதற்கு இது சான்று. 1992 டிசம்பரில் இரு சபைகளும் 73ஆவது திருத்தத்தை நிறைவேற்றின. மாநில சட்டசபைகளில் பாதிக்குக் குறையாதவை ஒப்புதல் அளித்தபின், 1993 ஏப்ரல் 24 முதல் அது அமலுக்கு வந்தது.

அதன்படி பஞ்சாயத்தின் காலம் ஐந்து ஆண்டுகள். இடையில் கலைக்கப்பட்டால் ஆறு மாதங்களுக்குள் தேர்தல் நடத்தல் வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள் பெண்களுக்கு உரியவை. விவசாயம், சிறு பாசனம், குடிநீர் முதலிய 29 இனங்கள் பதினோராவது அட்டவணையில் குறிக்கப்பெற்றுள்ளன. அவற்றில் எவ்வளவு அதிகாரம் அளிப்பது என்பதை மட்டும் மாநில சட்டசபையின் முடிவுக்கு விட்டனர். அவ்வாறு பிறந்ததே 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். அதன் கீழ் முதல் தேர்தல் 1996இல் நடைபெற்றது.

நமது கடமை

சட்டம் இருந்தும், 2016இல் பதவிக் காலம் முடிந்த பஞ்சாயத்துக்களுக்கு 2019 டிசம்பரில்தான் நமது மாவட்டத்தில் தேர்தல் நடந்தது. இடையில் தனி அலுவலர்களே நிர்வகித்தனர். எனவே, சட்டம் வேலி போன்றது. பயிரைக் காப்பவர் மக்களே.

பாராளுமன்றத்தின் பணி சட்டம் இயற்றுவதோடு முடிவதில்லை. மந்திரிகளைக் கேள்வி கேட்பதும், வரவு செலவை ஆராய்ந்து அனுமதிப்பதும் அதன் பணிகளே. நம் வட்டாரத்தின் சார்பில் இவ்வுரிமையைச் செலுத்துபவர் சிதம்பரம் தொகுதி உறுப்பினர். கிராமத்தில் இதே உரிமை கிராம சபைக்கு உண்டு. ஆதலின் சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும் கிராம சபைக்குத் தவறாது வருக, கணக்கைக் கேட்டறிக, தீர்மானத்தைப் படித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடுக.