அடக்கமும் இயல்பும்

மதுமயக்கத்தில் உளறுபவனைக் கண்டால், “உள்ளே இருப்பதுதானே வெளியே வரும், இதுவே இவனது உண்மைக் குணம்” என்பார் பலர். நல்லொழுக்கத்தில் நிற்க முயல்பவர் ஒருநாள் தவறினாலும், “பிறவிக் குணம் போகுமா?” என்ற ஏளனச் சொல் உடனே எழுகிறது. இக்கூற்று மெய்தானா என ஆராய்தலே இப்பாடத்தின் நோக்கம். அதற்குத் துணையாக ஒரு கற்பனைக் கதையை எடுத்துக்கொள்வோம்.

கதைச் சுருக்கம்

அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி நிறுவனம் ‘ஸ்டார் டிரெக்’ என்னும் விண்வெளிக் கதைத் தொடரை 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பியது. அதில் ஜான் டி. எஃப். பிளாக் எழுதிய ‘தி நேக்கட் டைம்’ என்னும் பகுதி 1966 செப்டம்பர் 29ஆம் நாள் வெளிவந்தது.

‘எண்டர்பிரைஸ்’ என்னும் விண்கப்பல், அழியும் தறுவாயிலுள்ள ஒரு கிரகத்திலிருந்து ஆய்வாளர் குழுவொன்றை அழைத்துவரச் செல்கிறது. அவ்வாய்வாளர் அனைவரும் மாண்டு கிடக்கின்றனர். அங்கே இறங்கிய டார்மோலன் என்னும் ஊழியர், மூக்கைச் சொறிவதற்காகக் கையுறையைக் கழற்றுகிறார். அக்கணமே நோய் அவரைப் பற்றுகிறது. பின்னர் அது வியர்வையின் வாயிலாகக் கப்பலிலுள்ள ஏனையோருக்கும் பரவுகிறது.

டார்மோலன், விண்வெளியில் மனிதனுக்கு இடமில்லை என்று புலம்பி, கத்தியால் காயமுற்று இறக்கிறார். கப்பலைச் செலுத்தும் சுலு, வாளேந்தி நடைவழிகளில் பாய்கிறார். ரைலி என்னும் இளைஞர் எந்திர அறையைத் தாழிட்டுக்கொண்டு, தாமே தலைவரென அறிவித்து, எந்திரங்களை நிறுத்திவிட்டுப் பாட்டுப் பாடுகிறார். உணர்ச்சியை வெளிக்காட்டாத ஸ்பாக், தம் தாயிடம் அன்பைச் சொல்லாமற் போனதை எண்ணித் தனியறையில் அழுகிறார். தலைவர் கர்க், கப்பலுக்காகத் தம் சொந்த வாழ்வை இழந்ததாக ஏங்குகிறார். இதற்கிடையே கப்பல் கிரகத்தை நோக்கி வீழ்ந்துகொண்டிருக்கிறது.

மருத்துவர் மக்காய் நோயின் காரணத்தைக் கண்டறிகிறார். அக்கிரகத்தில் நீரின் மூலக்கூறுகள் சிக்கலான தொடராக மாறியுள்ளன; அவை உடலிற் கலந்து, மதுவைப் போலவே பகுத்தறிவையும் தன்னடக்கத்தையும் தளர்த்துகின்றன. மாற்று மருந்து முதலில் சுலுவுக்கு ஊசி வழியாகச் செலுத்தப்படுகிறது. நிறுத்தப்பட்ட எந்திரம் மீண்டும் சூடேற 30 நிமிடம் வேண்டும். அவ்வளவு நேரம் கப்பலுக்கு இல்லை. ஸ்பாக்கும் பொறியாளர் ஸ்காட்டும் துணிந்து, குளிர்ந்த நிலையிலேயே எந்திரத்தை இயக்கிக் கப்பலைக் காக்கின்றனர். அந்த வேகத்தில் கப்பல் காலத்தில் 71 மணி நேரம் பின்னோக்கிச் சென்றுவிடுகிறது.

ஆராய்ச்சி

முதலாவது: நோய் எவரிடத்தும் புதிதாக ஒன்றைப் புகுத்தவில்லை. வாட்பயிற்சியில் சுலுவுக்கு முன்பே ஆர்வம் உண்டு. ஸ்பாக்கின் துயரமோ பல்லாண்டுகள் பழமையானது. ஆகவே, உள்ளே இருந்ததே வெளிவந்தது என்னும் கூற்றில் ஒரு பாதி உண்மை உண்டு.

இரண்டாவது: அடக்கமும் உள்ளே இருந்ததேயாகும். ஆர்வத்தை ஒருபுறம் வைத்துக் கப்பலைச் செலுத்தியவரும் அதே சுலுதான். வாளெடுத்தவர் மெய்யான சுலு, பணியில் அமர்ந்தவர் பொய்யான சுலு என்று எந்த நியாயத்தால் கூறுவது? விருப்பம் தானே தோன்றுவது. அடக்கமோ நாள்தோறும் முயன்று வளர்க்கப்படுவது. முயன்று வளர்த்ததை வேடம் என்று இகழ்தல் தகாது.

மூன்றாவது: கர்க் நோயுடனேயே தம் பணியிடத்திற்குச் செல்கிறார், மருந்து அங்கேதான் அவருக்குக் கிடைக்கிறது. மனம் கலங்கிய வேளையிலும், பலகாலம் பயின்ற கடமை அவருடைய கால்களை வழிநடத்தியது. மயக்கும் பொருள்களை விலக்குதல் ஐந்தாம் சீலமாக வைக்கப்பட்டதன் பொருத்தமும் இங்கு விளங்கும். மயக்கம் முதலில் தாக்குவது, ஏனைய சீலங்களைக் காக்கும் விழிப்பையே.

மெய்யான சான்று

இது கற்பனைதானே எனலாம். 1848 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில், இருப்புப்பாதை வேலையில் மேற்பார்வையாளராயிருந்த 25 வயதினரான ஃபினியஸ் கேஜ் என்பவர் வெடிவிபத்தில் சிக்கினார். 3 அடி 7 அங்குல நீளமுள்ள இரும்புக் கோல் அவரது முன்மூளையைத் துளைத்துச் சென்றது. அவர் உயிர் பிழைத்தார். ஆயினும் பொறுமையுடையவராயிருந்தவர் நிதானமிழந்தவராக மாறினார் என்று மருத்துவர் ஜான் ஹார்லோ பதிந்துள்ளார். ஆனால் அதே கேஜ் 1852இல் சிலி நாட்டிற்குச் சென்று, பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். பல குதிரைகளை ஒருங்கே செலுத்திப் பயணிகளைக் கொண்டுசேர்ப்பது நிதானம் வேண்டும் தொழில். இழந்ததில் ஒரு பகுதியையேனும் அவர் மீண்டும் பெற்றார் என்று ஆய்வாளர் சிலர் இதனாற் கருதுகின்றனர்.

முடிவு

ஆகவே குணம் என்பது பிறப்பில் எழுதப்பட்டதன்று. காரணங்கள் கூடும்போது கெடுவது, காரணங்கள் கூடும்போது சீர்படுவதும் ஆகும். “பிறவிக் குணம்” என்னும் சொல், முயல்பவனின் முயற்சியைக் கணக்கிற் கொள்ளாத சொல். கதையின் முடிவில் சுலு மீண்டும் தம் இருக்கையில் அமர்கிறார். கப்பலை அவர் கையில் ஒப்படைக்க ஒருவரும் தயங்கவில்லை. நம் இல்லத்திலோ சங்கத்திலோ ஒருவர் தவறி மீளும்போது, அவருக்குரிய இருக்கையை நாமும் அவ்வாறே ஒதுக்கிவைத்திருத்தல் வேண்டும்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. விருப்பம், அடக்கம் ஆகிய இரண்டில் எது ஒருவரது இயல்பு? உமது விடைக்குக் காரணம் கூறுக.
2. கர்க் நோயுற்ற நிலையிலும் பணியிடம் சென்றது எதனால் இயன்றது?
3. தவறி மீண்ட ஒருவரிடம் “பிறவிக் குணம்” என்று கூறுவதால் விளையும் தீங்குகள் யாவை?