புலால் நீத்தார் உணவும் உடல்நலமும்

மலைநாட்டுத் திருப்பதிகள் பதின்மூன்றனுள் கன்னியாகுமரி மாவட்டத்தில் அமைந்தவை இரண்டு. ஒன்று, ஆதிகேசவப் பெருமாள் சயனித்தருளும் திருவட்டாறு. மற்றொன்று, நம்மாழ்வாரின் திருத்தாயார் உடையநங்கை பிறந்த ஊராகப் போற்றப்படும் திருவண்பரிசாரம். உத்ஸவ காலத்தில் இத்தலங்களை ஸேவிக்க வரும் அன்பர்களுள் பிறந்தது முதல் புலால் அறியாதவர் உண்டு. விரத நாள்களில் மட்டும் விலக்குபவரும் உண்டு. இவ்விரு சாராருக்கும் பொதுவாக ஓர் ஐயம் எழுகின்றது. இரத்தக் குறைவு என்றும் கால் மரத்துப்போகிறது என்றும் மருத்துவரிடம் சென்றால், முட்டையாவது ஈரலாவது உண்ணுமாறு சொல்லுகிறார். வீட்டிலுள்ள முதியவர்களோ, ஸாத்விக உணவு உண்பவனை நோய் அணுகாது என்கிறார்கள். இவ்விரண்டினுள் எது மெய்?

புலாலை நீக்கிய உணவைச் 'சைவ உணவு' என்று வழங்குவது தமிழ்நாட்டு வழக்கு. பரம வைஷ்ணவரும் உணவு விடுதியில் அச்சொல்லையே சொல்லிக் கேட்கிறார்! சொல் எதுவாயினும் பொருள் ஒன்றே ஆதலால் அது நிற்க.

முதற்கண் தெளிய வேண்டியது ஒன்றுண்டு. புலால் ஏன் விலக்கப்பட்டது என்பது ஒரு கேள்வி. விலக்கினால் உடலுக்கு நன்மையா தீமையா என்பது வேறு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் ஐயம் வளர்கிறது. பகவத் ராமாநுஜர் ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில், வாக்யகாரரைப் பின்பற்றி, பக்தி யோகத்துக்கு வேண்டும் ஏழு ஸாதனங்களை எடுத்துரைக்கிறார். அவற்றுள் முதலாவது விவேகம். ஜாதி, ஆச்ரயம், நிமித்தம் என்னும் மூவகைத் தோஷங்களும் நீங்கிய அன்னத்தால் காய சுத்தி பெறுவதே ஈண்டு விவேகம் எனப்படுகிறது. உணவின் இயல்பால் வருவது முதல் தோஷம். அதை உடையவரைப் பற்றி வருவது இரண்டாவது. மயிர் விழுதல், எச்சில் படுதல் போன்ற காரணங்களால் வருவது மூன்றாவது. அதன் பயன் மனத்தெளிவும், அதனால் இடையறாத பகவத் நினைவும் ஆம். நோயின்மை அங்கே பயனாகச் சொல்லப்படவில்லை.

திருவள்ளுவரிடமும் இதே பகுப்பைக் காணலாம். புலால் மறுத்தல் அதிகாரம் துறவறவியலில், அருளுடைமையை அடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதில் பேசப்படுவது உயிரிரக்கம். மருந்து என்னும் அதிகாரமோ பொருட்பாலில் இருக்கிறது. முன் உண்டது செரித்த பின் அளவறிந்து உண்ணுவதையே அது வற்புறுத்துகிறது. அப்பத்துக் குறள்களில் புலாலைப் பற்றிய பேச்சே இல்லை. இன்னும் வெளிப்படையாகச் சொன்னால், ஆயுர்வேதத்தின் மூலநூலாகிய சரக ஸம்ஹிதை, நாள்தோறும் கொள்ளத்தக்கவற்றுள் நெல்லரிசி, பச்சைப்பயறு, நெல்லி, பால், நெய், தேன் முதலியவற்றோடு காட்டு விலங்கின் இறைச்சியையும் சேர்த்தே எண்ணுகிறது. இதை மறைத்துப் பேசுவதால் ஸம்ப்ரதாயத்துக்குப் பெருமை கூடிவிடாது. ஜீவகாருண்யத்துக்காகவும் ஆராதனத் தூய்மைக்காகவும் ஏற்ற நியமத்துக்கு மருத்துவரின் சான்று தேவையில்லை. ஆனால் அந்நியமத்தை ஏற்றவர் உடலைப் பேணும் வழியை மருத்துவத்திடமிருந்து கேட்டறியத்தான் வேண்டும்.

ஸ்ரீமத் பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் கண்ணன் மூவகை உணவைப் பிரித்துக் காட்டுகிறான். இப்பகுதியைப் பலர் நினைவிலிருந்து கூறுவர். எனினும் ஊன்றி நோக்குவோர் சிலரே. ஸாத்விக உணவுக்குச் சொல்லப்பட்ட இலக்கணங்களுள் ஸ்நிக்தம், ஸ்திரம் என்பவை உள்ளன. நெய்ப்பசை உடையதும், உடலில் நிலைத்து வலுத்தருவதும் என்பது பொருள். மிகு புளிப்பும் மிகு உப்பும் மிகு காரமும் வறட்சியும் ராஜஸம். பழையதும், சுவை போனதும், நாற்றமடைந்ததும் தாமஸம். இனி இன்றைய மரக்கறி இல்லங்களின் இலையைப் பார்ப்போம். தீட்டிய வெள்ளரிசிச் சோறு ஒரு குவியல், நீர்த்த ரஸம், பொரித்த அப்பளம், உப்பும் எண்ணெயும் மிதக்கும் ஊறுகாய், மோர் என்ற பெயரில் வெண்ணிற நீர். இதில் புலால் இல்லை என்பது உண்மை. ஸாத்விக உணவு என்பதற்கு இது மட்டும் போதுமா?

இக்கேள்விக்கு நூறாண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டு மலை ஒன்றில் விடை தேடப்பட்டது. நீலகிரியைச் சேர்ந்த குன்னூரில் ராபர்ட் மக்காரிஸன் என்னும் அயர்லாந்து மருத்துவர் 1920-களில் உணவாராய்ச்சி நடத்தினார். இந்தியாவின் பல பகுதி மக்களும் உண்ணும் உணவுகளைத் தனித்தனியே எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். சீக்கியரின் உணவு பெற்ற எலிகள் எடையிலும் உறுதியிலும் முதலிடம் பெற்றன. சென்னை மாகாணத்தாரின் உணவு பெற்றவை கடைசியில் நின்றன. இதைக் கேட்டவுடன், இறைச்சியால் வந்த வலிமை என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு அன்று. அச்சீக்கிய உணவில் இறைச்சி வாரத்துக்கு ஒருமுறைதான் இருந்தது. நாள்தோறும் இருந்தவை முழுக்கோதுமை ரொட்டியும், பாலும் வெண்ணெயும், பருப்பும், பச்சைக் காய்கறியும் ஆகும். சென்னை உணவின் குறை, தீட்டிய அரிசி மிகுந்து பாலும் பருப்பும் கீரையும் சுருங்கியதே என்று அவர் கண்டார்.

அவருக்குப் பின் 1935-இல் பொறுப்பேற்ற ஆய்க்ராய்டு, அரிசியையே ஆராய்ந்தார். பெரிபெரி என்னும் கால்வீக்க நோய் அன்று ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் மிகுந்திருந்தது. அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி வழக்கம். புழுங்கலரிசி உண்ணும் பகுதிகளில் அந்நோய் அரிது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் சத்து அரிசியின் உள்ளே இறங்கி நிலைக்கிறது என்பதே காரணம். நாஞ்சில் நாட்டார் சம்பாப் புழுங்கலரிசிக் கஞ்சியால் தலைமுறை தலைமுறையாகப் பெற்ற காப்பு இது. திருமடைப்பள்ளியில் தளிகைக்குப் பச்சரிசியே விதி, அதில் மாற்றமில்லை. பிறர் அவித்தது என்று புழுங்கலை விலக்கும் ஆசாரசீலர் வீடுகளும் உண்டு. அவர்கள் அதிகம் தீட்டாத பச்சரிசியைத் தேடிப் பெறுதல் நலம்.

குன்னூரிலிருந்த அந்த ஆராய்ச்சிக்கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிலையமாக விளங்குகிறது.

இனி இம்மாவட்டத்துக்கே உரிய ஒரு செய்தி. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, ஏழை மக்கள் பசி தீர மரச்சீனிக் கிழங்கின் பயிரைப் பரப்பினார். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரவு நின்றபோது அக்கிழங்குதான் பல குடும்பங்களைக் காத்தது. மரச்சீனியில் மாவு உண்டு. புரதமோ நூறு கிராமுக்கு ஒரு கிராம் அளவே. கன்னியாகுமரி முதல் நீரோடி வரை கடல் சூழ்ந்த இந்நாட்டில் அக்குறையை மீன் குழம்பு நிரப்பிற்று. மரச்சீனியும் மீனும் என்று இணைத்துச் சொல்லும் வழக்கம் நாவின் சுவையால் மட்டும் வந்ததன்று. எனவே விரதத்தின் பொருட்டோ, தீக்ஷையின் பொருட்டோ மீனை விலக்கிவிட்டுக் கிழங்கையும் சோற்றையும் மட்டும் தொடர்ந்து உண்பவர், இணையில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை மட்டும் வைத்துக்கொள்கிறார். உடல் தளர்ந்தால் பழி நியமத்தின்மேல் விழுகிறது.

வெற்றிடத்தை நிரப்பும் பொருளும் இம்மண்ணிலேயே உண்டு. கஞ்சியும் பயறும் என்பது நாஞ்சில் நாட்டின் பழைய காலையுணவு. பச்சைப்பயற்றில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 24 கிராம் புரதம் இருக்கிறது. அரிசியில் குறைவாயுள்ள லைஸின் என்னும் புரதக்கூறு பயற்றில் மிகுதி. ஆதலால் இரண்டும் சேர்ந்தால் ஒன்றன் குறையை மற்றது தீர்க்கிறது. விருந்தில் முதலில் விழும் பருப்பும் நெய்யும், சேனையும் வாழைக்காயும் முருங்கைக்காயும் தயிரும் தேங்காயும் கூடிய அவியல், பயறு சேர்ந்த எரிசேரி, தயிரால் ஆன புளிசேரி இவையெல்லாம் அறிவுடையோர் அமைத்த வரிசை. வருத்தத்துக்குரியது என்னவெனில், விருந்தில் பதினெட்டுக் கறி பரிமாறுவோர் அன்றாடம் ஒரே ஒரு கறியோடு நிறுத்திக்கொள்வதும், மிச்சத்தைச் சோற்றால் நிரப்புவதும் ஆகும்.

மேலைநாட்டார் ஆய்வுகள் என்ன சொல்கின்றன? அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர் எழுபத்து மூவாயிரத்துக்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், புலால் உண்ணாதாரிடையே மரணம் 12 விழுக்காடு குறைவாயிருந்தது. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர் ஏறத்தாழ 48,000 பேரைப் பதினெட்டு ஆண்டுகள் கவனித்து 2019-இல் கூறியது வேறுவகை. மரக்கறி உண்போரிடம் மாரடைப்பு வகை இதயநோய் 22 விழுக்காடு குறைவு. ஆனால் பக்கவாதம் 20 விழுக்காடு கூடுதல். காரணம் உறுதியாகவில்லை, சில சத்துகளின் குறைவு காரணமாகலாம் என்று ஐயுற்றனர். இவர்கள் உண்ணும் மரக்கறி உணவும், மும்முறை சோறுண்ணும் உணவும் ஒன்றல்ல என்பதை நினைவில் கொள்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் வயதுவந்தோருள் 11.4 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு உண்டென 2023-இல் தெரிவித்தது. புலாலைத் துறந்தது ஒன்றே இந்நோய்க்குக் கவசமாகாது. நீரிழிவுள்ள அன்பர் சர்க்கரைப் பொங்கல் பிரஸாதத்தைக் கண்ணில் ஒற்றிச் சிறிதளவு ஸ்வீகரித்தாலே போதும். பெருமாள் திருவுள்ளம் குறைபடாது.

இனிச் சொல்லப்போவதை அன்பர்கள் சற்றே கவனத்துடன் படிக்க வேண்டும். மரக்கறி உணவில் பெறுதற்கரிய சத்து ஒன்று உண்டு. அது வைட்டமின் பி12. இதை மரஞ்செடிகள் உண்டாக்குவதில்லை, விலங்குகளும் உண்டாக்குவதில்லை, நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன. அவற்றால் பசுவின் வயிற்றில் விளைந்து பாலில் வருகிறது. 1926-இல் மைனாட், மர்ஃபி என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர், உயிர்கொல்லும் ஒருவகைச் சோகையை ஈரல் உண்ணச்செய்து போக்கினர். அந்த ஈரலில் இருந்த பொருள் 1948-இல் பிரித்தெடுக்கப்பட்டது. மருத்துவர்கள் இன்றும் ஈரல் என்று சொல்வதன் பின்னணி இதுவே.

ஒருவருக்கு நாள்தோறும் வேண்டுவது இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல்தான். நூறு மில்லி பசும்பாலில் அரை மைக்ரோகிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. நெடுநேரம் காய்ச்சினால் அதிலும் ஒரு பங்கு போகும். ஆகவே அரை லிட்டர் அளவு பாலோ தயிரோ நாள்தோறும் வயிற்றில் சேர வேண்டும். காப்பியில் விடும் இரண்டு கரண்டிப் பால் எம்மூலைக்கு? உடல் இச்சத்தைக் கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் சேமித்து வைப்பதால் குறை உடனே தெரியாது. தெரியும்போது நாக்குப் புண், பாதங்களில் மரத்தல், நடையில் தள்ளாட்டம், மறதி எனத் தோன்றும். வயது என்று தள்ளிவிட்டு நெடுநாள் கிடந்தால் நரம்புக்கேடு மீளாததாகிவிடவும் கூடும். அறுபது கடந்தவருக்கும், நீரிழிவுக்காக மெட்பார்மின் நெடுங்காலம் உண்பவருக்கும், வயிற்று அமிலம் குறைக்கும் மாத்திரை உண்பவருக்கும் இக்குறை எளிதில் வரும். மருந்தைத் தாமே நிறுத்துதல் பெரும்பிழை. இரத்தத்தில் பி12 அளவைச் சோதிக்குமாறு மருத்துவரைக் கேட்பதே முறை.

மாதரிடம் மிகுதியாகக் காணும் இரும்புச்சத்துக் குறை வேறு. கீரையிலும் பயற்றிலும் இரும்பு உண்டு. ஆனால் இறைச்சியின் இரும்பைப் போல் எளிதில் உடலில் சேராது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றோடு உண்டால் நன்கு சேரும். உணவோடு தேநீரோ காப்பியோ பருகினால் தடைப்படும். கீரையின் மற்றொரு பெருமையும் உண்டு. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ மாது 1928-இல் பம்பாய்க்கு வந்து, ஏழைக் கருவுற்ற மாதரின் சோகையை ஆராய்ந்து, ஈஸ்ட் சாரத்தால் அதைப் போக்கினார். அச்சாரத்திலிருந்த சத்து 1941-இல் கீரையிலிருந்து எடுக்கப்பட்டு, இலை என்னும் பொருள்படும் லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது.

முட்டையும் ஈரலும் உண்ணாத அன்பர் மருத்துவரிடம் தம் நியமத்தை வெளிப்படையாகக் கூறிவிடுதல் நன்று. நாணி மௌனமாயிருந்து, வீட்டுக்கு வந்து மருந்தையும் சேர்த்து விட்டுவிடுவோர் பலர். பி12 மாத்திரைக்காக எவ்வுயிரும் கொல்லப்படுவதில்லை. பெருந்தொட்டிகளில் நுண்ணுயிர்களைப் புளிக்கவைத்தே, தயிர் உறைவது போன்ற ஒரு முறையில், அச்சத்து விளைவிக்கப்படுகிறது. கவனிக்க வேண்டியது உறையைத்தான். மாத்திரைக் குப்பிகளின் மெல்லிய உறை பெரும்பாலும் விலங்கின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுத்த ஜெலட்டினால் ஆனது. அதை விரும்பாதவர் உறையில்லாத மாத்திரையாகவோ ஊசியாகவோ கேட்டுப் பெறலாம். மஹாபாரதத்து உத்யோக பர்வத்தில் விரதத்தைக் கெடுக்காதவை எட்டு என்று எண்ணப்பட்டிருக்கின்றன. நீர், கிழங்கு, கனி, பால் ஆகியவற்றோடு தொடங்கும் அவ்வரிசையின் கடைசியில் நிற்பது ஔஷதம்.

ஏகாதசி உபவாஸம் எட்டு வயதுக்கு மேல் எண்பது வயதுக்குள் இருப்போர்க்கே தர்மசாஸ்திரத்தில் விதிக்கப்பட்டது. நோயுற்றவர் பாலும் கனியும் கொள்ளலாம். நீரிழிவுக்கு மருந்து உண்பவர் அம்மருந்தோடு முழுப்பட்டினி கிடத்தல் ஆபத்து. மருத்துவரைக் கேட்டே நோற்க வேண்டும். மறுநாள் த்வாதசிப் பாரணையில் இடுவது அகத்திக்கீரையும் நெல்லிக்காயும். இரும்பு உடைய கீரையையும், அவ்விரும்பை உடலில் சேர்க்கும் நெல்லியையும் ஓரிலையில் வைத்த அவ்வழக்கத்தைத் த்வாதசியோடு நிறுத்தாமல் வாரம் இரண்டு மூன்று நாள் இல்லத்தரசிகள் கைக்கொள்ளலாம். நெல்லி கிடைக்காத பருவத்தில் எலுமிச்சை பிழிந்துகொண்டால் போதும்.