நம்பர் லாக்கர் திறக்கவில்லையா?

சென்னை அம்பத்தூரின் கள்ளிக்குப்பம் போன்ற புறநகர்ப் பகுதி வீடுகளிலும் இப்போது நம்பர் அழுத்தித் திறக்கும் லாக்கர் வந்துவிட்டது. சரியான நம்பருக்கும் கதவு அசையவில்லையா? பதறாதீர்கள், பெரும்பாலும் பேட்டரிதான். விளக்கு எரியும், பீப் சத்தமும் வரும். ஆனால் உள்ளே தாழை விடுவிக்கும் சோலனாய்டை இழுக்கத் தேய்ந்த பேட்டரியின் சக்தி போதாது.

பேட்டரி வெளிப்பக்கம் இருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். பழையதோடு புதியதைக் கலக்காதீர்கள். உட்பக்கம் என்றால், பல மாடல்களில் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க 9 வோல்ட் பேட்டரி முனையோ, தனி பேட்டரி டப்பாவைச் செருகும் துளையோ உண்டு. தவறான நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் பூட்டு சில நிமிடம் முடங்கும், பொறுத்திருங்கள்.

அடுத்தது அவசர சாவி. அதன் துளை பல மாடல்களில் கீபேடு அருகே சிறு மூடிக்குள் மறைந்திருக்கும். அந்தச் சாவியை லாக்கருக்குள்ளேயே வைப்பதுதான் பெரிய ஆபத்து!

அதுவும் இல்லையென்றால் பில், சீரியல் நம்பர், அடையாள அட்டையுடன் தயாரித்த நிறுவனத்தின் சர்வீஸை அழையுங்கள். கிரைண்டரால் அறுத்தால் சூட்டில் பத்திரங்கள் கருகலாம்.

மழைக்காலத்தையும் மறக்காதீர்கள்: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர்ப் பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. லாக்கரை உயரத்தில் பொருத்துங்கள்; மழை தொடங்கும் ஐப்பசி பிறக்குமுன் பேட்டரியை மாற்றிவிடுங்கள்.