முதுமையில் கற்றலும் தொண்டும்

நோய் தணிந்து வீடு திரும்பும் முதியவரிடம் குடும்பத்தார் முதலில் சொல்வது, "இனிமே நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தாப் போதும்" என்பதே. அன்பினால் பிறக்கும் சொல் அது. ஆயினும், அச்சொல்லைப் பல மாதங்கள் அப்படியே கடைப்பிடித்த வீடுகளிலிருந்து மறுபரிசோதனைக்கு வரும் முதியோரிடம் சில மாற்றங்களை நாங்கள் தொடர்ந்து காண்கிறோம். தொடைத் தசை மெலிந்திருக்கும், நடை தளர்ந்திருக்கும், பகலில் உறங்கி இரவில் விழித்திருப்பர், பேச்சுக் குறைந்திருக்கும். வந்த நோய் குணமாகியிருக்கும், மனிதரோ குன்றியிருப்பார்.

ஓய்வு ஒரு மருந்து. எந்த மருந்தையும் போல அதற்கும் அளவும் காலமும் உண்டு. உடல்நலமுள்ள முதியோரைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்து நடத்தப்பட்ட ஓர் அமெரிக்க ஆய்வில், அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் சராசரியாக ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்தது. உடலுக்கு நிகழ்வது உள்ளத்துக்கும் நிகழ்கிறது. பயன்படுத்தாத கால் மெலிவது போலவே, வேலை தரப்படாத அறிவும் தளர்கிறது. பாஞ்சாலங்குறிச்சி, ஒட்டப்பிடாரம் வட்டாரத்திலிருந்து எங்களிடம் வரும் முதியோரும் அவர்தம் குடும்பத்தாரும், முதுமையில் கற்பதும் பிறருக்குத் தொண்டாற்றுவதும் எவ்வாறு மருத்துவத்தின் பகுதியாகின்றன என்பதை அறிந்துகொள்ளவே இதை எழுதுகிறோம்.

மூளையின் சேமிப்பு

வயது முதிர்ந்தபின் மூளை எதையும் புதிதாக ஏற்காது என்பது பழைய எண்ணம். நரம்பணுக்களுக்கிடையே புதிய இணைப்புகள் உருவாவது முதுமையிலும் நிற்பதில்லை, விரைவுதான் குறைகிறது. வாழ்நாள் முழுவதும் கல்வி, தொழில், மனித உறவு ஆகியவற்றால் சேர்ந்த இணைப்புகளை மருத்துவர்கள் அறிவுச் சேமிப்பு என்பர். நம் கரிசல் நிலத்துக் கண்மாயை எண்ணிப் பாருங்கள். ஒரே அளவு வெயில்தான் எல்லாக் கண்மாய்களிலும் அடிக்கிறது. நீர் மிகுதியாகத் தேங்கிய கண்மாய் கோடையில் நெடுநாள் தாங்குகிறது. குறைவாகத் தேங்கியது விரைவில் வற்றுகிறது. மூளையில் நோய்க்கூறுகள் தோன்றினாலும், சேமிப்பு மிகுந்தவரிடம் அதன் அறிகுறிகள் தாமதமாகவே வெளிப்படுகின்றன.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் வல்லுநர் குழு, மறதிநோய்க்கு வழிவகுக்கும் 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அவற்றை வாழ்நாள் முழுவதும் முற்றிலும் தவிர்க்க முடிந்தால் ஏறத்தாழ 45 விழுக்காட்டு மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் கணிப்பு. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், மனச்சோர்வு ஆகியவற்றோடு, இளமையில் கல்வியின்மை, செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு, தனிமை ஆகியனவும் அப்பட்டியலில் உள்ளன. இறுதியில் சொன்ன மூன்றையும் எழுபது வயதிலும் சரிசெய்யலாம் என்பதைக் கவனியுங்கள்.

எத்தகைய கற்றல் பயன் தரும்?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 60 முதல் 90 வயது வரையுள்ள 221 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. முடிவுகள் 2014-இல் வெளியாயின. சிலருக்குப் புகைப்படக் கலையும், சிலருக்குத் துணிகளை இணைத்துத் தைக்கும் கைவேலையும், சிலருக்கு இரண்டும் கற்பிக்கப்பட்டன. வாரத்துக்கு ஏறத்தாழ 15 மணி நேரம் என மூன்று மாதங்கள் பயிற்சி நடந்தது. வேறொரு குழுவினர் அதே அளவு நேரம் கூடிப் பேசினர், விளையாடினர், சுற்றுலா சென்றனர். புதிதாக எதையும் கற்கவில்லை. இறுதியில், புதிய திறனைக் கற்றவர்களின் நினைவாற்றலே மேம்பட்டிருந்தது.

கூடிப் பேசுவது வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. தனிமையைப் போக்க அதைவிடச் சிறந்த வழி இல்லை. நினைவாற்றலைப் பேண விரும்பினால் அதனுடன் சற்றே கடினமான, புதிய ஒன்றையும் சேர்க்க வேண்டும் என்பதே பாடம். நாற்பது ஆண்டுகளாகப் பூத்தொடுத்துப் பழகிய ஆச்சிக்குப் பூத்தொடுப்பது பொழுதுபோக்கு. கைபேசியில் எழுத்துக்கூட்டிப் பேரனுக்குச் செய்தி அனுப்பக் கற்பதே பயிற்சி. வாழ்நாள் முழுதும் கணக்கெழுதியவர்க்குக் கணக்கு எளிது. அவருக்கு மண்பானையில் செடி வளர்ப்பதோ, புதிய பாட்டொன்றைக் கற்பதோ பயிற்சியாகும்.

முன்னே நடந்தவர்கள்

1973-இல் பிரான்சு நாட்டின் துலூஸ் நகரில், பியர் வெல்லாஸ் என்னும் பேராசிரியரின் முயற்சியால் முதியோருக்கான பல்கலைக்கழகம் தோன்றியது. வாழ்வின் மூன்றாம் பருவத்தினருக்கானது என்னும் பொருளில் அதற்குப் பெயரிட்டனர். 1981-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் அதே எண்ணம் வேறு வடிவம் பெற்றது. அங்கே ஊதியம் பெறும் ஆசிரியர் இல்லை. தேர்வும் பட்டமும் இல்லை. உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் கற்பிப்பர். ஒரு வகுப்பில் மாணவராயிருப்பவர் அடுத்த வகுப்பில் ஆசிரியராவார். பெரும் பொருட்செலவு வேண்டாத இந்த முறையே சிற்றூர்களுக்கும் ஏற்றது.

நம் நாட்டிலும் சான்றுகள் உண்டு. மராட்டிய மாநிலம் தானே மாவட்டத்துப் பாங்கணே என்னும் சிற்றூரில் 2016 மார்ச் 8 அன்று பாட்டிமாருக்கென்றே ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. அறுபது வயதைக் கடந்த பெண்கள் இளஞ்சிவப்புச் சேலையைச் சீருடையாக உடுத்தி, தோளில் பையுடன் வந்து எழுத்துக் கற்றனர். கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா, 2018-இல் தம் 96-ஆம் வயதில் மாநில எழுத்தறிவுத் தேர்வை எழுதி 100-க்கு 98 மதிப்பெண் பெற்றார். 2020-இல் அவருக்கு நடுவண் அரசின் பெண் ஆற்றல் விருது வழங்கப்பட்டது.

நம் மாவட்டத்தையே நோக்குவோம். பாஞ்சாலங்குறிச்சிக்கு அருகிலுள்ள ஒட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்த வ. உ. சிதம்பரனார், சிறைவாழ்வும் வறுமையும் உடலை வாட்டிய பின்னரும் நூல்களைப் பதிப்பிப்பதையும் உரை எழுதுவதையும் நிறுத்தவில்லை. சிவஞான போதத்துக்கு அவர் எழுதிய உரை 1935-இல், அவர் மறைவுக்கு முந்தைய ஆண்டில், வெளிவந்தது. கோவில்பட்டி அருகே இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பை நிறைவு செய்யாதவர்; இளமையில் காசநோயால் துன்புற்றவர். 1980-களின் இறுதியில், அறுபத்தைந்து வயதைக் கடந்த நிலையில், புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுக்கும் பேராசிரியப் பணியை ஏற்றார். 2021-இல் 98-ஆம் வயதில் மறையும்வரை எழுத்தோடு வாழ்ந்தார். இவர்கள் அரிய மனிதர்கள்தாம். ஆயினும் கி.ரா. தொகுத்த கதைகளைச் சொன்னவர்கள் எளிய கிராமத்து மக்களே என்பதை மறக்கலாகாது.

தொண்டு தரும் நலம்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 60 வயதைக் கடந்தோர் தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்று, சிறு குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுத்தரும் திட்டம் ஒன்று நடந்தது. வாரத்துக்குக் குறைந்தது 15 மணி நேரம் அவர்கள் பணியாற்றினர். குழந்தைகளின் படிப்புக்காக மட்டுமன்றி முதியோரின் நலனுக்காகவும் வகுக்கப்பட்ட திட்டம் அது. நடைப்பயிற்சி செய்யுமாறு எவரும் அவர்களை வற்புறுத்தவில்லை. எனினும் தொண்டில் சேர்ந்த பெண்கள், சேராதவர்களைவிட நாள்தோறும் கூடுதலாக நடந்தனர். குழந்தைகள் காத்திருக்கிறார்கள் என்னும் எண்ணமே அவர்களை எழுந்து நடக்க வைத்தது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. உடல்நலமுள்ளவர்களே தொண்டுக்கு மிகுதியாக முன்வருவர். ஆகவே தொண்டர்கள் நலமாயிருப்பதற்கெல்லாம் தொண்டே காரணம் என்று கூறிவிட முடியாது. தொண்டும் கற்றலும் மாத்திரைகளுக்கு மாற்றல்ல. முற்றிய மறதிநோயை அவை குணப்படுத்தா. ஆனால், "நான் எல்லார்க்கும் பாரமாயிட்டேன்" என்னும் எண்ணம் முதியோரின் மனச்சோர்வில் எத்துணை ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதை நாங்கள் அறிவோம். தம்மால் பிறர்க்குப் பயன் உண்டு என்பதைக் கண்ணால் காண்பது அந்த எண்ணத்துக்கு நேரான மறுமொழியாகும்.

பாஞ்சாலங்குறிச்சியில் தொண்டுக்குக் களங்கள் பல உள. 1974-இல் எழுப்பப்பட்ட கட்டபொம்மன் நினைவுக் கோட்டைக்கு மாணவர்கள் வருகின்றனர். அவர்களுக்கு ஊர்ப் பெரியவர் ஒருவர் தாம் கேட்டு வளர்ந்த வரலாற்றைச் சொல்லலாம். அங்கன்வாடியில் கதை சொல்லலாம். பள்ளிப் பிள்ளைகளை மாலையில் வாசிக்கச் செய்து கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்கு மனு எழுதித் தரலாம். கரிசலில் கம்பும் உளுந்தும் பருத்தியும் விளைவித்தவர், பனையேறியவர், உப்பளத்தில் உழைத்தவர் ஆகியோரின் அறிவு நூல்களில் முழுமையாக இல்லை. மன்னார் வளைகுடாவில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோயிற்று. அன்று இருபது வயதில் கடலில் மூழ்கியவர் இன்று எண்பதைக் கடந்திருப்பார். அவர் சொல்வதைப் பேரப்பிள்ளைகள் கைபேசியில் பதிவுசெய்தால், சொல்பவருக்கு அது தொண்டு, கேட்பவருக்குக் கல்வி.

பக்கவாதத்தால் பேச்சுக் குழறியவர்கள் தம்மால் இனி எதுவும் இயலாது என்று ஒதுங்கிவிடுகின்றனர். பேச இயலாதிருந்த ஊமைத்துரை, இடிக்கப்பட்ட கோட்டையை 1801-இல் மீண்டும் எழுப்பிப் படை நடத்திய மண் இது. சைகையாலும் படத்தாலும் கையாலும் கற்பிக்கக்கூடியவை ஏராளம்.

தொடங்கும் முன்

குழுவில் சேரும் முன் கீழ்க்காணும் ஏற்பாடுகளைச் செய்துகொள்ளுங்கள்.

1. செவியையும் கண்ணையும் சோதித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் பேசுவது விளங்காதவர் இரண்டு நாளில் வருவதை நிறுத்திவிடுவார். காதில் அடைத்த குறும்பியை அகற்றுவதும், கண்புரை அறுவையும், சரியான கண்ணாடியும் பலருக்குக் கற்றலின் வாயிலைத் திறந்துவிடும்.

2. நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் உணவு நேரத்தைத் தள்ளிப்போடலாகாது. வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் தோன்றினால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து அருந்தி, 15 நிமிடம் கழித்தும் குறையாவிடில் மீண்டும் அருந்துங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

3. இரத்த அழுத்த மருந்து எடுப்பவர்கள் தரையிலிருந்து எழும்போது சற்று அமர்ந்து, பின் நில்லுங்கள். இயன்றவரை நாற்காலியிலேயே அமருங்கள்.

4. நம் ஊர் வெயிலில் முற்பகல் 11 முதல் பிற்பகல் 4 வரை வெளிப்பணி வேண்டாம். நீர் அருந்துங்கள், இதய, சிறுநீரக நோயுள்ளவர்கள் எவ்வளவு அருந்தலாம் என்பதை எங்களிடம் கேட்டறியுங்கள்.

5. மாரடைப்போ பக்கவாதமோ அண்மையில் வந்திருந்தால், எப்போது தொடங்கலாம் என்பதை மறுபரிசோதனையில் முடிவுசெய்வோம். காசநோய்க்கு மருந்து எடுப்போர், தொற்று நீங்கியது என மருத்துவர் உறுதிசெய்த பின்னரே குழந்தைகளிடையே செல்ல வேண்டும்.

6. வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு மணி நேரம் எனத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள்.

குடும்பத்தாருக்கு

பெரியவர் கற்பதில் தாமதித்தால் அவசரப்படுத்தாதீர்கள். பிறர் முன்னிலையில் நகைக்காதீர்கள். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் முழுநேர வேலையைத் தொண்டு என்று பெயரிட்டு அவர்மீது சுமத்தாதீர்கள். விருப்பமும் வேண்டும்போது நிறுத்தும் உரிமையும் இருந்தால்தான் அது தொண்டு. கூட்டம் நடக்கும் இடத்துக்கு அழைத்துச் சென்று திரும்ப அழைத்து வருவதே நீங்கள் செய்யக்கூடிய பேருதவி.

மறதியையும் மறதிநோயையும் வேறுபடுத்தி அறியுங்கள். சாவியை எங்கு வைத்தோம் என்று மறப்பது இயல்பு. சாவி எதற்கு என்பதே விளங்காமற்போவது இயல்பன்று. பழகிய தெருவில் வழிதவறுதல், உண்ட மாத்திரையை மீண்டும் உண்ணுதல், ஒரே வினாவைத் திரும்பத் திரும்பக் கேட்டல் ஆகியன தோன்றினால் அழைத்து வாருங்கள். தைராய்டுக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவற்றாலும் இத்தகைய நிலை வரக்கூடும். இவற்றுக்குத் தீர்வு உண்டு. கவனிப்பாரின்றியோ துன்புறுத்தலுக்கு ஆளாகியோ வாழும் முதியோருக்கு 14567 என்னும் கட்டணமில்லா உதவி எண் உள்ளது.

அடுத்த முறை வரும்போது, உங்கள் புறநோயாளிச் சீட்டின் பின்புறத்தில் இரண்டு வரிகள் எழுதி வாருங்கள்: கற்க விரும்பும் ஒன்று, பிறருக்குக் கற்பிக்கக்கூடிய ஒன்று. எழுதத் தெரியாதவர்கள் பேரனையோ பேத்தியையோ கொண்டு எழுதச் செய்யுங்கள். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் பார்த்தபின் அந்த இரண்டு வரிகளையும் நாங்கள் கேட்போம். உங்கள் உடல்நிலைக்கு ஏற்ப எதை, எப்போது, எவ்வளவு நேரம் என்பதைச் சேர்ந்தே முடிவுசெய்வோம்.