பூஞ்சணம் பிடித்த வைக்கோலும் கமக்காரரின் சுவாசப்பையும்

சூடடிப்பு முடிந்து வைக்கோலைப் போராக அடுக்கும் காலத்தில் மழை பெய்வதுண்டு. நனைந்த வைக்கோலை நன்கு உலருமுன் அடுக்கினால், போரின் உட்புறம் வெப்பமடைந்து பூஞ்சணமும் பிற நுண்ணங்கிகளும் பெருகும். பின்னர் அப்போரைப் பிரிக்கும்போது தூள் புகைபோல் எழும். அத்தூள் அதனைச் சுவாசிப்போருக்குக் கேடு விளைப்பதாகும்.

இருவகை நோய்கள்

இத்தூளினால் இரண்டு நோய்கள் உண்டாகலாம். ஒன்று தொய்வு. இதில் சுவாசக் குழாய்களின் உட்சுவர் அழற்சியுற்று வீங்கும், அவற்றைச் சூழ்ந்த தசைகள் சுருங்கும், சளி பெருகும். வழி ஒடுங்குவதால் மூச்சு விடும்போது இழுப்பு ஓசை கேட்கும். பெரும்பாலும் தூள் பட்ட சில நிமிடங்களிலேயே இது தொடங்கும்.

மற்றையது கமக்காரர் சுவாசப்பை நோய் எனப்படும். இதில் சுவாசப்பையின் நுண்ணிய காற்றறைகள் அழற்சியுறும். தூளைச் சுவாசித்து 4 முதல் 8 மணி நேரத்தின் பின்னரே குளிர்நடுக்கம், காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் என்பன தோன்றும். ஓரிரு நாளில் அவை தணிந்துவிடுதலால், சாதாரண காய்ச்சலெனக் கருதி மீண்டும் அதே வைக்கோலைக் கையாளுவோர் பலர். இவ்வாறு பன்முறை நிகழின் சுவாசப்பையில் மாறாத் தழும்புகள் உண்டாகும். அந்நிலையில் இழந்த மூச்சு வலிமையை மருந்தினால் மீட்டல் அரிது.

ஆராய்ச்சி காட்டிய உண்மை

1932இல் இங்கிலாந்தின் வடபகுதியில், பூஞ்சணம் பிடித்த உலர்புல்லைக் கையாண்ட பண்ணைத் தொழிலாளரிடம் இந்நோயைக் கண்டு காம்பெல் என்னும் வைத்தியர் விபரித்தார். 1963இல் ஜாக் பெப்பிசும் அவருடன் ஆராய்ந்தோரும், வெப்பமடைந்த புல்லில் வளரும் ஒருவகைப் பற்றீரியாவே இதற்கு முதன்மைக் காரணமென நிறுவினர். நோயாளரின் இரத்தத்தில் அதற்கெதிரான பொருள்கள் காணப்பட்டன. எனவே இது தொற்றுநோயன்று. உடலின் எதிர்ப்புச் சக்தி மிகைப்படுவதால் விளையும் அழற்சியாகும்.

தொய்விலும் அழற்சியே அடிப்படையெனப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின. ஆதலின், குழாயை விரிக்கும் மருந்து உடனே ஆறுதலளிப்பினும் அதனோடு அமைதல் போதாது. அழற்சியை அடக்கும் உள்ளிழுப்பு மருந்தை வைத்தியர் கூறியவாறு ஒழுங்காகப் பாவித்தல் வேண்டும்.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. வைக்கோலை நன்கு உலர்த்தி, நிலத்திற் படாது மேடைமீது அடுக்கி, மழை புகாதவாறு மூடுக.

2. நெல்லை, ஈரப்பதன் 13 வீதத்துக்கு மேற்படாதவாறு உலர்த்திய பின்னரே களஞ்சியத்தில் இடுக.

3. பூஞ்சணம் பிடித்த வைக்கோலை மூடிய கொட்டிலில் உதறலாகாது. வெளியில் நீர் தெளித்துத் தூளை அடக்கி, காற்று வரும் பக்கத்தில் நின்று கையாளுக. மரக்கறித் தோட்டத்தில் மூடுபடையாகப் பரப்பும் வைக்கோலுக்கும் இது பொருந்தும்.

4. வாயிற் கட்டும் சால்வை நுண்ணிய தூளைத் தடுக்காது. முகத்தோடு நன்கு பொருந்தும், நுண்டூள் தடுக்கும் சுவாசமூடியை அணிக.

வைக்கோல் வேலை செய்த நாளின் மாலையில் குளிர்காய்ச்சல் கண்டவர், வைத்தியரிடம் நோயை மட்டுமன்றி அன்று செய்த வேலையையும் தவறாது கூறுதல் வேண்டும். அவ்வொரு செய்தியே நோயை இன்னதென அறியப் பெரிதும் துணைபுரியும்.