கல்லுக்கு உள்ளே

அன்புள்ள கயல்,

வனவர் தேர்வில் தேறிவிட்டாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். பயிற்சி முடிந்ததும் சத்தியமங்கலம் பக்கம் போட்டாலும் போடுவார்களாம். சந்தோஷம். காக்கிச் சட்டைக்கு அளவு கொடுப்பதற்குள் இதைப் படித்துவிடு. வருவாய்த் துறையில் முப்பது வருஷம் காகிதம் புரட்டியவன் என்பதைத் தவிர, இதை எழுத எனக்கு வேறு தகுதி கிடையாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மலையடிவார ஊருக்குக் காப்புக்காட்டு எல்லை பார்க்கப் போனேன். கேர்ன் என்று உங்கள் துறையில் சொல்வார்களே, அந்தக் கற்குவியலுக்கு உள்ளே அரை ஏக்கர் ராகி நின்றது. விதைத்தவர் ஓர் இருளர் பெரியவர். “கல்லுக்கு உள்ளே எப்படி வந்தீங்க?” என்று கேட்டேன். “இந்தக் கல்லைச் சுமந்துட்டு வந்து அடுக்குனதே எங்க தாத்தனுங்க. துரை கூலி குடுத்தாராமாங்க” என்றார். நான் சிரித்தேன். நோட்டில் ‘ஆக்கிரமிப்பு’ என்று எழுதிக்கொண்டு இறங்கிவிட்டேன். அதை எழுத அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தச் சொல்லின் வயசு என்ன என்று தேடிப் பார்க்க எனக்கு இருபது வருஷம் ஆயிற்று.

அந்தத் தேடல் என்னை ரயிலடியில் கொண்டுபோய் நிறுத்தியது. ராயபுரத்திலிருந்து தென்னாட்டின் முதல் ரயில் கிளம்பியது 1856 ஜூலையில். சென்னை மாகாணத்தின் காடுகளுக்கென்று ஹியூ கிளெக்ஹார்ன் என்ற டாக்டரை அதிகாரியாகப் போட்டதும் அதே வருஷம்தான். தண்டவாளத்துக்கு அடியில் போட, மைலுக்கு ஏறத்தாழ 2,000 ஸ்லீப்பர் கட்டைகள் வேண்டும். இன்ஜினுக்கும் விறகுதான் தீனி. அதற்கு முன்பே ஆனைமலைத் தேக்கு பம்பாய்க் கப்பல் தளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. வெட்டிய மரங்களை மலைச்சரிவில் உருட்டிவிட்ட இடத்துக்குத்தான் டாப்ஸ்லிப் என்று பெயர். மரம் தீர்ந்துபோகும் என்று கிளெக்ஹார்ன் உண்மையாகவே கவலைப்பட்டார். ஆனால் அந்தக் கவலை கடைசியில் போய் விடிந்தது மலை ஜனங்களின் தலையில். ஒரு துண்டு நிலத்தை எரித்து, விதைத்து, ஓரிரு வருஷத்தில் விட்டுவிட்டு நகர்கிற கொத்துக்காட்டு வெள்ளாமையை அவரே கடுமையாக எதிர்த்தார். ரயிலுக்கு வெட்டியது வளர்ச்சி, ராகிக்கு வெட்டியது நாசம். இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அடுத்து வந்தது சட்டச் சண்டை. பேடன்-பவல் என்ற அதிகாரி, அரசு தன் கையால் எழுதிக் கொடுக்காத எதுவும் உரிமையாகாது, தலைமுறை தலைமுறையாகப் புழங்கியது வெறும் சலுகைதான் என்று வாதாடினார். காட்டுத் துறைக்குத் தலைமை வகித்த ஜெர்மானியர் பிராண்டிஸ் அவ்வளவு தூரம் போகத் தயாராக இல்லை. நம் சென்னை வருவாய் வாரியம் இன்னும் ஒரு படி மேல்: காடுகளில் ஊராருக்கு உரிமை உண்டு, அவற்றை அரசின் முழுச் சொத்து என்று சொல்ல முடியாது என்றது. வெள்ளைக்கார வாரியம்தான் இப்படிப் பேசியது என்பதைக் கவனி. 1878-இல் இந்தியாவின் பெரும்பகுதிக்கு வந்த வனச் சட்டத்தைச் சென்னை ஏற்கவில்லை. தனக்கென்று 1882-இல் ஒரு சட்டம் செய்துகொண்டது. ஆனால் செய்து முடித்தபோது அதுவும் ஏறக்குறைய அதே அச்சில்தான் வார்க்கப்பட்டிருந்தது. தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் நீ பயிற்சியில் படிக்கப்போவது அதைத்தான்.

அதில் இரண்டு பிரிவுகளை நிதானமாகப் படி. 4-ஆம் பிரிவில், இந்த நிலத்தைக் காப்புக்காடாக்கப் போகிறோம் என்று அரசு அறிவிக்கும். நிர்ணய அதிகாரி ஒருவர் அக்கம்பக்கத்து ஊர்களில் பிரகடனம் வெளியிட்டு, உரிமை உள்ளவர்கள் வந்து சொல்ல அவகாசம் கொடுப்பார். 16-ஆம் பிரிவில் காப்புக்காடு உறுதியாகும். அதற்குள் வந்து சொல்லாதவனின் உரிமை செத்துப்போகும். தாளில் பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் தன் பேச்சுக்கு எழுத்தே இல்லாத சோளகர் குடும்பம், தினை அறுக்கிற மாதத்தில், அடிவாரத்து ஊரில் ஒட்டியிருக்கும் காகிதத்தை யார் படித்துக்காட்டி, எந்தத் துரை முன்னால் போய் நிற்கும்? பல இடங்களில் யாரும் வரவில்லை. அந்த மௌனமே சம்மதமாகப் பதிவாயிற்று.

இதே மாகாணத்தின் கோதாவரி, விசாகப்பட்டினம் மலைகளில் மௌனம் நீடிக்கவில்லை. போடு என்று அங்குள்ளவர்கள் சொல்கிற மலை வெள்ளாமைக்கு வந்த தடை 1922-இல் கிளர்ச்சிக்குக் கிளம்பிய அல்லூரி சீதாராம ராஜுவின் பின்னால் கூடெம் மலைவாசிகளைத் திரட்டிய காரணங்களில் ஒன்று. 1924-இல் ராஜுவைச் சுட்டுக் கொன்றார்கள். 1927-இன் இந்திய வனச் சட்டம், இடம் மாற்றிச் செய்யும் வெள்ளாமை எப்போதும் சலுகையே, அரசு நினைத்தால் ரத்து செய்யலாம் என்று அச்சிட்டே வைத்தது. பேடன்-பவல் ஜெயித்துவிட்டார்.

உன் துறையை மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்காதே. டாப்ஸ்லிப்பில் ஹியூகோ வுட்டின் கல்லறை இருக்கிறது. மொட்டையாகக் கிடந்த சரிவுகளில் தேக்கை மீட்டவர். போனால் ஒரு நிமிஷம் நின்று கும்பிட்டுவிட்டு வா. காப்புக்காடு என்ற வேலி இல்லாவிட்டால் நம் பக்கத்து யானைகளுக்கு ஒதுங்க இடம் இருந்திருக்காது என்பதும் நிஜம். ஆனால் அந்த யானையின் தடத்தை உனக்குக் காட்டப்போகிற வாட்சர், அநேகமாக அந்தப் பெரியவரின் பேரனாக இருப்பான்.

2006-இன் வன உரிமைச் சட்டம் தன் முகப்பிலேயே பழங்குடிகளுக்கு நடந்தது வரலாற்று அநீதி என்று ஒப்புக்கொள்கிறது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே உழுது வந்த பழங்குடிக் குடும்பம் உரிமை கோரலாம். கோரிக்கையைப் பரிசீலித்து முடிக்கும்வரை வெளியேற்றக் கூடாது. ஊர்ப் பெரியவரின் வாய்மொழியை எழுதி வைத்தால் அதுவும் சாட்சி. சத்தியமங்கலம் காட்டை ஒட்டிய பிலிகிரிரங்கன் மலையில், புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சோளகர்கள் 2011-இல் சமூக உரிமை வாங்கிவிட்டார்கள்.

பெரியவரின் ராகி என்ன ஆயிற்று என்று நீ கேட்பாய். என் குறிப்பை வைத்து நோட்டீஸ் போனது. அடுத்த முறை நான் போனபோது அங்கே யூகலிப்டஸ் நின்றது.

பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே உன் பொறுப்பில் உள்ள காட்டின் 4, 16 இரண்டு அறிவிக்கைகளையும் கேட்டு வாங்கிப் பார். அலுவலகத்தில் இல்லை என்பார்கள். பழைய மாவட்ட அரசிதழ்க் கட்டுகளில் இருக்கும். தேடத் தெரியாவிட்டால் எனக்குச் சொல், பஸ் ஏறி வருகிறேன்.

அன்புடன்,
மாமா